ஊர்ப் பணம் பத்து லட்சம்: கண்மாயா, தடுப்பணையா, பண்ணைக்குட்டையா, போர்க்கிணறா?

பங்குனி பிறந்துவிட்டால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சேர்ந்து ஊருக்கென்று ஒரு தொகை அனுப்பியிருப்பார்கள். அதைத் தண்ணீருக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பதில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. எதில் என்று வரும்போதுதான் நாலு கட்சி. பெரியவர்கள் கண்மாயை வெட்டு என்பார்கள். ஓடையில் தடுப்பணை கட்டினால் கண்ணுக்குத் தெரியும் என்பார்கள் இளவட்டங்கள். மழையை மட்டும் நம்பி விதைக்கும் மானாவாரிக்காரர் தன் நிலத்திலேயே ஒரு பண்ணைக்குட்டை கேட்பார். தோட்டம் வைத்திருப்பவர், "பேசாம ரெண்டு போர் போட்டு விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

நாலு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எந்த ஊரில் எது நியாயம் என்பதுதான் கேள்வி. நான் இங்கே எழுதுவது விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தை, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை மனதில் வைத்து. குண்டாற்றுப் படுகை. வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மி.மீ. மழை; அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்த்துவிடும். கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரைக்காரர்களுக்கு இது அப்படியே பொருந்தும். வடக்கே இருப்பவர்கள் கண்மாய் என்ற இடத்தில் ஏரி என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

## பணத்தை எடுக்கும் முன் ஐந்து கேள்விகள்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கே நிற்கப்போகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்த வழியாக வருகிறது, அந்த வழி இன்று திறந்திருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போனதால் வந்தவை.

யாருக்குச் சேரும்? ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில்) நிலம் இருப்பவருக்கா, மேட்டு நிலத்துக்காரருக்கா, நிலமே இல்லாமல் ஆடு மாடு மட்டும் வைத்திருப்பவருக்கா, குடத்தோடு நிற்கும் பெண்களுக்கா? பொதுப் பணம் என்றால் இதைச் சபையில் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

கீழ் ஊருக்கு என்ன ஆகும்? நம் ஊர்க் கண்மாய்கள் சங்கிலி போல் கோத்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) தாண்டும் தண்ணீர்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. நாம் பிடித்து வைப்பது இன்னொருவர் வாயிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது.

பெருமழையில் நிற்குமா, பொய்த்த வருஷத்தில் உதவுமா? 2016-இல் தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் சராசரி மழையை விட இது அதிகம். அந்த இரண்டு நாளில் தென்மாவட்டங்களில் கரை உடைந்த குளங்களைப் பார்த்தவர்களுக்கு, சராசரி மழையை வைத்துத் திட்டம் போடும் காலம் போய்விட்டது என்பது புரிந்திருக்கும்.

ஐந்தாவது வருஷம் மண்வெட்டி யார் கையில்? கட்டும்போது ஆள் வரும், மாலை வரும், படம் எடுப்பார்கள். வண்டல் அடைத்துக்கொள்ளும் வருஷத்தில் யார் வருவார் என்பதை இன்றே முடிவு செய்யவேண்டும்.

## கண்மாய்: வெட்டுவது வேறு, சீர் செய்வது வேறு

தமிழகத்தில் 39,000-க்கு மேல் கண்மாய்களும் ஏரிகளும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று இன்றும் சொல்கிறோம். புதிதாக எதுவும் கட்ட வேண்டாத, பொதுவான, பல நூற்றாண்டு ஓடித் தேய்ந்த அமைப்பு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. அதனால் நான் பெரும்பாலும் முதலில் கண்மாய்ப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் 'தூர் வாருவது' என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதுதான் கோளாறு.

எங்கள் ஊரில் சில வருஷம் முன்பு கண்மாய் வெட்டினார்கள். ஜேசிபி இரண்டு, டிப்பர் நாலு. ஒரு மாதம் புழுதி பறந்தது. உள்வாயில் அங்கங்கே பத்தடி ஆழத்துக்குக் குழி. அந்த வருஷம் மழையும் பரவாயில்லை. ஆனால் தண்ணீர் அந்தக் குழிகளில் மட்டும் தேங்கி நின்றது, வயலுக்குத் தண்ணீர் விடும் மடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தை மாதம் எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சித் தாத்தாவோடு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே நடந்தேன். எழுபதைத் தாண்டியவர், மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியே வாழ்ந்தவர். கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார்.

இரண்டு கிலோமீட்டர் போனதும் புதிதாக மேடேற்றிய தார்ச்சாலை குறுக்கிட்டது. முன்பு அங்கே அகலமான தரைப்பாலம் இருந்தது. வெள்ளம் ரோட்டு மேலேயே ஏறிப் போகும். இப்போது ரோட்டுக்கு அடியில் இரண்டடிச் சிமென்ட் குழாய் ஒன்று. தாத்தா குனிந்து கம்பை உள்ளே விட்டார். முழங்கை அளவுகூடப் போகவில்லை. பாலித்தீன் பை, கருவேல முள், இறுகிய சேறு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாருடைய புஞ்சையிலோ தண்ணீர் முட்டி நின்று, காய்ந்து, வெடித்த தடம் தெரிந்தது.

"கண்மாய எங்கன தம்பி வெட்டுனீங்க? வெட்ட வேண்டியது இங்கனல்ல கெடக்கு" என்றார்.

ஒரு சின்னக் கணக்கு. கன மீட்டருக்கு நூறு ரூபாய் என்று வைத்தால், பத்து லட்சத்தில் 10,000 கன மீட்டர் மண் எடுக்கலாம். அதாவது ஒரு கோடி லிட்டர் கொள்ளும் இடம். இப்போது வரத்துக்காலைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பிடிப்புப் பகுதியில் 50 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் அதுவும் ஒரு கோடி லிட்டர். ஒரே ஒரு நல்ல மழையில். குழி வெட்டினால் கிடைப்பது இடம். கால் திறந்தால் கிடைப்பது தண்ணீர். நிறையாத கண்மாயில் இன்னும் இடம் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய குழியில் நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. அது ஆடு மாட்டுக்கு உதவும், மீனுக்கு உதவும், கொஞ்சம் பூமிக்குள் இறங்கும். அதுவும் நல்லதுதான். ஆனால் பாசனத்துக்கு என்று சொல்லி அதைச் செய்வது ஊரை ஏமாற்றுவது. கரையடியை ஒட்டித் தோண்டுவது அதைவிட மோசம். கரையின் காலை வெட்டுகிற வேலை அது.

ஆகவே கண்மாய் என்று முடிவெடுத்தால் செலவின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வரத்துக்கால். அடுத்து கலுங்கு, ஏனென்றால் பெருமழையில் ஊரைக் காப்பது அதுதான். கலுங்கு உடைந்தோ மண் மூட்டை அடுக்கி உயர்த்தியோ கிடந்தால் தண்ணீர் கரையைத் தேடும். பிறகு மடையும் ஷட்டரும். பிறகு கரை. கடைசியில்தான் தூர், அதுவும் மடை மட்டம் வரை சீராக.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்ல வேண்டும். வரத்துக்காலில் பாதி யாரோ ஒருவரின் வரப்புக்குள் போயிருக்கும். புல வரைபடம் எடுத்து, நில அளவையரை வரவழைத்து, சொந்தக்காரர் முகத்துக்கு நேரே கல் ஊன்ற வேண்டும். பணத்தை விட மனத்தைக் கரைக்கும் வேலை இது. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஊருக்குள் ஒப்புக்கொண்டு விலகுவதுதான் நிலைக்கிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். யாருடையது என்று தெரிந்து எழுத்தில் அனுமதி வாங்காமல் மண்ணில் கை வைக்காதீர்கள். சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் அடுத்த வருஷமே இரண்டு மடங்காகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கத் தனிச் செலவு. அந்த விறகையும் கரிமூட்டத்தையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது மரியாதை. மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவருக்கும் ஆயக்கட்டுக்காரருக்கும் மாசியில் வரும் தகராறையும் இப்போதே எழுதித் தீர்த்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: வண்டல். அந்தக் கரம்பை மண்ணைச் செம்மண் புஞ்சையில் அடித்தால் ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும். விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியிலேயே எடுத்துக்கொள்ளும்படி 2024-இல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். வண்டி வாடகையை எடுப்பவரே கொடுத்தால் ஊர்ப் பணம் மிஞ்சும். எடுக்கும் இடத்தையும் ஆழத்தையும் மட்டும் ஊர் சொல்ல வேண்டும், டிராக்டர்காரர் சொல்லக் கூடாது.

## தடுப்பணை: இடம் அமைந்தால் பொன்

பத்து மீட்டர் அகல ஓடையில் ஒரு மீட்டர் உயரத் தடுப்பணை. ஓடை இருநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் வாட்டத்தில் இருந்தால், தண்ணீர் இருநூறு மீட்டர் பின்னோக்கித் தேங்கும். சுமார் பத்து லட்சம் லிட்டர். கண்மாயோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆனால் அது பூமிக்குள் இறங்க இறங்க அடுத்த மழை மறுபடி நிரப்பும். தடுப்பணையை இறங்கும் தண்ணீரால்தான் அளக்க வேண்டும்.

அதனால் மண் எது என்பதே இங்கே முழு விஷயம். மணலும் சரளையும் உள்ள ஓடை, இரு பக்கமும் நாலைந்து திறந்தவெளிக் கிணறு என்றால் தடுப்பணை சொன்ன சொல் காக்கும். கரிசல் ஓடையில் கட்டினால் தண்ணீர் இறங்காது. வெயில் குடிக்கும், கொசு வளரும். கட்டும் முன் ஓடையில் முழங்கால் ஆழக் குழி தோண்டி நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இறங்குகிறதா, சாயங்காலம் வரை நிற்கிறதா? காசில்லாத சோதனை.

மறைந்த செலவுகள்: பக்கச்சுவரைக் கரைக்குள் ஆழமாக ஏற்றாவிட்டால் வெள்ளம் அணையைச் சுற்றிக்கொண்டு பக்கத்துப் புஞ்சையை அறுத்துப் போகும். கீழே கல் பாவாவிட்டால் விழும் தண்ணீர் அடியைப் பறிக்கும். இந்த இரண்டிலும் சிக்கனம் பிடித்த தடுப்பணைகள்தான் இன்று ஓடை ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமுமாக நிற்கின்றன. மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு முறை மண் அள்ள வேண்டும். அந்த மண் மணலாக இருந்தால் அள்ள வரும் ஆட்களைத் தடுக்கவும் வேண்டும்.

கீழ் ஊர்க் கேள்வி இங்கேதான் மிகக் கூர்மை. உங்கள் ஓடை எந்தக் கண்மாய்க்குப் போகிறதோ, அது பத்து வருஷத்தில் எத்தனை முறை கலுங்கு தாண்டியது என்று அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். அடிக்கடி தாண்டுகிறது என்றால் தாராளமாகக் கட்டலாம். ஒரு முறையும் நிறையவில்லை என்றால் கட்டாதீர்கள். அங்கே நிற்கவேண்டிய தண்ணீர் அது.

ராஜஸ்தானின் அல்வர் பகுதியில் 1980-களின் நடுவிலிருந்து ராஜேந்திர சிங்கும் ஊர் மக்களும் ஜோஹட் எனும் மண் அணைகளை நூற்றுக்கணக்கில் எழுப்பி, வறண்டு கிடந்த ஆர்வரி ஆற்றை ஓடவைத்த கதை நமக்குத் தெரியும். அதில் நாம் கவனிக்காமல் விடுவது, ஆறு ஓடத் தொடங்கிய பிறகு நடந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் கூடி 'ஆர்வரி நாடாளுமன்றம்' என்று ஒரு சபை அமைத்து, யார் எவ்வளவு எடுக்கலாம், எந்தப் பயிர் வைக்கலாம் என்று பேசின. சுவர் எழுப்பியதோடு அவர்கள் வேலை முடிந்துவிடவில்லை.

## பண்ணைக்குட்டை: மானாவாரிக்காரரின் ஒரு தண்ணி

கண்மாய்த் தண்ணீர் ஏறாத மேட்டுப் புஞ்சைக்கு இதுதான் நேர் வழி. குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய், பருத்தி எல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு தண்ணி இல்லாமல்தான் கருகுகின்றன. பூவெடுக்கும் நேரத்தில் மழை பதினைந்து நாள் தள்ளிப்போனால் போட்டது அத்தனையும் போச்சு. அந்தப் பதினைந்து நாளைத் தாண்டவைப்பது குட்டை.

30 மீட்டருக்கு 30 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், சரிந்த பக்கங்கள் என்றால் சுமார் 11 லட்சம் லிட்டர் கொள்ளும். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்ச 2 லட்சம் லிட்டர். கணக்குக்கு ஐந்து தண்ணி. ஆனால் வெயில் நாளில் 5 மி.மீ. ஆவியானாலே தினமும் 4,500 லிட்டர் போகும். இரண்டு மாதத்தில் கால் பங்கு காணாது. கசிவு தனி. அதனால் இரண்டு அல்லது மூன்று தண்ணி என்று வைத்துக்கொண்டு பயிர் வையுங்கள். நெல்லோ வாழையோ வைக்க நினைத்தால் குட்டை உங்களைக் கைவிடும்.

நிலமும் போகும். குட்டை மட்டும் 22 சென்ட். கரையோடு சேர்த்தால் முப்பதை எட்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் இதை லேசாகக் கொடுக்க மாட்டார். கரிசலில் தண்ணீர் நிற்கும். செம்மண்ணில் இறங்கிவிடும், கிணறு பக்கத்தில் இருந்தால் அது லாபம், இல்லையென்றால் ஏமாற்றம். பிளாஸ்டிக் விரிக்கலாம் என்பார்கள். மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் விரித்த குட்டைகளைப் போர்த் தண்ணீர் இறைத்து நிரப்பிப் பழத்தோட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மழையைப் பிடிக்க வந்த குட்டை, பொதுவாக இருந்த நிலத்தடி நீரை ஒருவரின் தொட்டிக்கு மாற்றியது. ஊர்ப் பணத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வேலி மறக்கவே கூடாது. சரிந்த ஈரக் களிமண் கரையில் காலை வைத்த பிள்ளை தானாக ஏறி வர முடியாது. ஒரு பக்கம் படி, சுற்றிலும் முள்வேலி, கயிறு கட்டிய ஒரு லாரி டியூப். இந்தச் செலவைச் சேர்க்காத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பொதுப் பணத்தில் தனியார் நிலத்தில் குட்டை வெட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. அரசுத் திட்டங்களில் பண்ணைக்குட்டைக்கு வழி இருப்பதால், ஊர்ப் பணத்தை மனு எழுத, அளக்க, வேலி போட மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

## போர்: கடைசிக் கை, முதல் கை இல்லை

தமிழகத்தின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாகப் பாறை. பாறைக்குள் ஏரி எதுவும் இல்லை. மேலே நொய்ந்த பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். நூற்றைம்பது அடியில் கிடைக்காதது ஆயிரம் அடியில் கட்டாயம் கிடைக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. என் அப்பா மூன்று போர் போட்டார். முதலாவது ஆறு வருஷம் ஓடியது. இரண்டாவதில் புகைதான் வந்தது, தண்ணீர் இல்லை. மூன்றாவதுக்கு அம்மாவின் சங்கிலி போனது. அது ஒன்றரைக் கோடை ஓடி நின்றது. அதே வருஷம் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் வற்றியது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாங்கள் ஒன்றரைக் கோடை குடித்தோம் என்பது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இறைக்கும் செலவு கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சுருள் கருகுவது, குழாய் இறக்குவது, இன்னும் நூறடி ஆழப்படுத்துவது எல்லாம் தெரியும். ஆழத்துத் தண்ணீரில் உப்பு வரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் என்ன செய்தது என்று அந்த மக்களைக் கேட்டால் தெரியும். குடிக்க என்றால் சோதனைக்கு அனுப்பாமல் தொட்டியில் ஏற்றாதீர்கள்.

இருந்தும் போர் சரியான விடையாகும் இடம் உண்டு: குடிநீர். குடிநீர்க் குளமான ஊருணி வற்றி, குழாய்த் தண்ணீரும் வராத ஊரில் கோடைக்கு ஒரு பொதுப் போர் தேவை. பாசனத்துக்கு மட்டும் ஊர்ப் பணத்தில் போர் வேண்டாம்.

புதிய போரை விட, கிடக்கும் பழைய கிணற்றுக்கு மழைத் தண்ணீரைத் திருப்புவது மலிவு. வழியில் ஒரு குழி வெட்டி, பெருங்கல், சரளை, மணல் என்று அடுக்கி வடிகட்டிய பின்தான் விட வேண்டும். வேலூர்ப் பக்கம் நாகநதியில் ஊர்ப் பெண்கள் உறைகிணறுகள் அமைத்துத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கியதும் இதே யோசனைதான். பூச்சிமருந்து அடித்த வயல் தண்ணீரை நேராகப் போருக்குள் விடாதீர்கள். கைவிட்ட போர்க்குழி இருந்தால் இன்றே மூடுங்கள். 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை அப்படி ஒரு குழிக்குத்தான் பறிகொடுத்தோம்.

## பட்டியலில் யாரும் சேர்க்காத ஐந்தாவது

வரப்பு. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, கோடை உழவையும் குறுக்கே ஓட்டினால் மழை விழுந்த இடத்திலேயே பாதி நிற்கும். ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை என்பது 40,000 லிட்டர். அதைப் பிடிக்கத் தொட்டியே தேவையில்லை. சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பது இதற்காகத்தான். கண்மாய்க்கு வரும் வண்டலும் இதனால் குறையும். இதில் படமெடுக்க எதுவும் இல்லை, அதனால் பணமும் வருவதில்லை. பத்து லட்சத்தில் ஒரு லட்சத்தை டிராக்டர் வாடகையாக இதற்குக் கொடுக்கும் ஊரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

## ஒரே பார்வையில்

| | கண்மாய்ச் சீரமைப்பு | தடுப்பணை | பண்ணைக்குட்டை | போர் |
|---|---|---|---|---|
| யாருக்கு | ஆயக்கட்டு, கால்நடை, சுற்றுக் கிணறுகள் | ஓடையோரக் கிணற்றுக்காரர் | நிலத்துக்காரர் | பொதுப் போர் என்றால் ஊருக்கு |
| ஏற்ற மண் | பழைய கண்மாய் இருக்கும் எங்கும் | மணல், சரளை | கரிசல், களி | வெடிப்புள்ள பாறை |
| பெருமழையில் | கலுங்கு சரியாக இருந்தால் ஊரைக் காக்கும் | பக்கச்சுவர் பலவீனம் என்றால் உடையும் | கரை சரியும் | பாதிப்பு குறைவு |
| பொய்த்த வருஷம் | அரைகுறை | கொஞ்சம் உதவும் | ஒரு தண்ணி | முதலில் கைகொடுக்கும், பிறகு வற்றும் |
| கீழ் ஊருக்கு | கலுங்கை உயர்த்தாத வரை கெடுதல் இல்லை | வரத்துக் குறையலாம் | கூட்டமாக வெட்டினால் குறையும் | கிணறுகள் இறங்கும் |
| மறைந்த செலவு | அளவை, ஆக்கிரமிப்பு, கருவேலம் | கல் பாவுதல், வண்டல் | நிலம், வேலி, ஆவி | மோட்டார், தோல்வி, உப்பு |

## எந்த ஊருக்கு எது

கண்மாய் இருக்கிறது, ஆனால் நிறைவதில்லை: வரத்துக்கால். வேறு எதற்கும் ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள்.

கண்மாய் நிறைகிறது, ஆனால் மாசிக்குள் வற்றுகிறது: மடை ஒழுகுகிறதா என்று இரவில் போய்ப் பாருங்கள், சத்தம் கேட்கும். மடையைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால்தான் தூர்.

கண்மாய் நிறைந்து அடிக்கடி மறுகால் பாய்கிறது, மேலே சரளை ஓடையும் கிணறுகளும் உண்டு: தடுப்பணை, கீழ் ஊரோடு பேசிய பிறகு.

ஆயக்கட்டே இல்லாத மேட்டு மானாவாரி, கரிசல்: குட்டையும் வரப்பும்.

கோடையில் குடிக்கவே இல்லை: ஊருணியைப் பாருங்கள், கூடவே ஒரு பொதுப் போர்.

எதைத் தேர்ந்தாலும் பயிர்ப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் சுமார் 400 மி.மீ. மழையில் வாழும் ஊர். பொபட்ராவ் பவார் ஊர்த்தலைவராக வந்த பின் சரிவில் வரப்பும் மரமும் போட்டார்கள். அதோடு பாசனத்துக்குப் போர் வேண்டாம், கரும்பு வேண்டாம் என்றும் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் பெய்த மழையை அளந்து, இவ்வளவுதான் தண்ணீர், இதற்குள் இந்தப் பயிர் என்று கிராமசபையில் கணக்குப் போடுகிறார்கள். மழைமானி ஒன்றும் ஒரு நோட்டும்தான் அதற்குத் தேவை.

எங்கள் ஊரில் இந்த முறை வந்த பணத்தை வைத்து வரத்துக்காலைத்தான் எடுத்தோம். சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் முடித்தோம். ஐந்து பேர் வரப்பை உள்ளே தள்ளிக்கொண்டார்கள், ஒருவர் இன்னும் பேசுவதில்லை. கார்த்திகையில் தண்ணீர் மடையின் மூன்றாவது படி வரை ஏறியது. தாத்தா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு அடியில் அந்த இரண்டடிக் குழாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பெட்டிப் பாலம் கேட்டு மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. அதுவரை மழை இறங்கும் ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு பேர் டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொண்டு போய் அடைப்பைக் குத்திவிட்டு வருகிறார்கள். முறை வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை என்னுடையது.